அந்த மான்குட்டிக்கு அம்மா இருக்கு!

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது நம்ம ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல அந்த போட்டோ வந்துடும். புதருக்கு அடியில, காய்ஞ்ச இலைகளுக்கு நடுவுல சுருண்டு படுத்திருக்கிற ஒரு புள்ளிமான் குட்டி. பெரிய கண்ணு, மடங்கின காது, அசைவே இல்லை. கீழே அஞ்சு நிமிஷத்துல நாற்பது மெசேஜ். "பாவம்டா, அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு." "மெஸ்ல பால் இருக்கா கேளு." "ரூமுக்குத் தூக்கிட்டு வாங்கடா, நான் பாத்துக்கிறேன்." யாராவது ஒருத்தர் "ஃபாரஸ்ட் ஆபீஸுக்குச் சொல்லலாமே"ன்னு போட்டா, "அவங்க எப்ப வர்றது, அதுக்குள்ள செத்துடும்"னு பதில் வரும்.

இந்த நாற்பது மெசேஜ்லயும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எல்லாமே இரக்கம்தான். ஆனா அந்த இரக்கம் ஒரு தப்பான தகவல் மேல நிக்குது. தனியா படுத்திருக்கிற மான்குட்டி பெரும்பாலும் அநாதை இல்லை. நாம தூக்கிட்டு வர்றப்போதான் அது அநாதை ஆகுது. இதைத்தான் இந்தக் கட்டுரையில சொல்ல வர்றேன். கூடவே இன்னொன்னும் இருக்கு: நிஜமாவே அநாதையாகிற குட்டிகளை அநாதை ஆக்குறது யாருங்கிற கேள்வி. அதுக்கான பதில் நம்ம காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கு.

அம்மா ஏன் விட்டுட்டுப் போகுது?

பிறந்த புதுசுல மான்குட்டியால வேகமா ஓட முடியாது. நரியோ நாயோ துரத்தினா தப்பிக்க வழியே இல்லை. அதனால அதுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, கண்ணுல படாம இருக்கிறது. முதுகில் உள்ள வெள்ளைப் புள்ளிகள், இலைகளுக்கு நடுவே விழும் வெயில் துணுக்குகளோட கலந்துவிடும். உடம்பில் வாடையும் மிகக் குறைவு. தாய் மான் குட்டியை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும். குட்டியின் கழிவைக் கூட நக்கி எடுத்துவிடும். மோப்பம் பிடிக்கிற எதுவும் அந்த இடத்துக்கு வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

இதுல தாயே ஒரு ஆபத்து. அது பெரிய உடம்பு, நல்ல வாடை, மேயும்போது நகர்ந்துக்கிட்டே இருக்கணும். அது குட்டி பக்கத்திலேயே நின்னா, "இங்கதான் இருக்கு"ன்னு போர்டு வச்ச மாதிரி ஆயிடும். அதனால குட்டியை ஒரு இடத்தில் படுக்க வைத்துவிட்டு, தள்ளிப்போய் மேய்ந்துவிட்டு, ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். புள்ளிமான், வெளிமான், ஐரோப்பாவின் ரோ மான், அமெரிக்காவின் வெள்ளைவால் மான் எல்லாமே பிறந்த ஆரம்ப நாட்களில் குட்டியை இப்படித்தான் வளர்க்கின்றன. அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் குட்டி போடும் பருவத்தில் ஒவ்வொரு வருஷமும் மக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: தனியாக இருக்கும் குட்டியைத் தொடாதீர்கள், விட்டுவிட்டு விலகிப் போங்கள்.

ஆக, நாம பார்த்தது கைவிடப்பட்ட குழந்தை இல்லை. வேலைக்குப் போன அம்மா, "சத்தம் போடாம இரு, வந்துடுறேன்"னு வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போன குழந்தை. நாம கதவை உடைச்சு உள்ள போய், "ஐயோ பாவம்"னு தூக்கிட்டு வந்துடுறோம். சாயங்காலம் அம்மா வந்து பார்க்கும்போது வீடு காலி.

"கையில தூக்கினப்போ எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா, நம்மள நம்பிடுச்சு"ன்னு சொல்றவங்க உண்டு. அது நம்பிக்கை இல்லை. ஆபத்து நெருங்கும்போது குட்டி உறைந்துபோகும். கழுத்தைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். வெள்ளைவால் மான் குட்டிகளில் அந்த நேரத்தில் இதயத் துடிப்பே சட்டென்று குறைந்துவிடுவதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாம தடவிக்கொடுத்து செல்ஃபி எடுக்கிற நேரம், அது சாவை எதிர்பார்த்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற நேரம்.

பால் கொடுத்தா என்ன ஆகும்?

சரி, தூக்கிட்டு வந்தாச்சுன்னு வைங்க. அடுத்த வேலை பால். மெஸ் பால், இல்லன்னா பாக்கெட் பால், அதுல கொஞ்சம் தண்ணி கலந்து பாட்டில்ல ஊத்தி, குட்டியைக் குழந்தை மாதிரி மடியில மல்லாக்கப் போட்டு ஊட்டுறது. ரீல்ஸ்ல பார்க்க அழகா இருக்கும். குட்டியோட உடம்புக்குள்ள நடக்கிறது வேற.

மானும் மாடு மாதிரி அசைபோடும் பிராணி. அதன் வயிற்றில் பல அறைகள். குட்டி சரியான நிலையில், கழுத்தை நீட்டி உறிஞ்சிக் குடிக்கும்போது, உணவுக்குழாயின் முடிவில் ஒரு பள்ளம் மூடிக்கொண்டு பாலை முதல் அறைக்குள் விடாமல் நேராக நாலாவது அறைக்கு அனுப்புகிறது. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா ஒரு பைபாஸ் லைன். தப்பான நிலையில், அவசரமாக ஊற்றினால் அந்த பைபாஸ் வேலை செய்யாது. பால் முதல் அறையில் தேங்கிப் புளித்து வயிறு உப்பிவிடும். மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரவும் வாய்ப்பு அதிகம்.

பாலும் ஒண்ணு இல்லை. வெள்ளைவால் மானின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணி கலந்த பாக்கெட் பால் குட்டிக்குப் போதவும் போதாது, சேரவும் சேராது. வயித்துப்போக்கு ஆரம்பிக்கும். அந்தச் சின்ன உடம்பு ஒரு நாள் வயித்துப்போக்கைத் தாங்குறதே கஷ்டம். அதுக்கு மேல இன்னொண்ணு: பிறந்த குட்டி தானா மலம் கழிக்காது. தாய் நக்கித் தூண்டணும். ரூம்ல யாருக்கு இது தெரியும்?

இதையெல்லாம் தாண்டினாலும் பயமே ஆளைக் கொல்லும். மான்களைப் பிடிக்கும்போதும் தூக்கிச் செல்லும்போதும் ஏற்படும் அதீத அச்சத்தால் தசைகள் சிதையத் தொடங்கும் ஒரு நிலை இருக்கிறது. பிடித்த அன்று நன்றாக இருந்த மான் ஒன்றிரண்டு நாள் கழித்துச் சாவது இதனால்தான். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு செத்துடுச்சு"ன்னு சொல்ற கதைகள்ல அந்தத் 'திடீர்' பெரும்பாலும் நாம தூக்கின நிமிஷத்துலயே ஆரம்பிச்சிருக்கும்.

ரெண்டாவது வருஷம் என்ன ஆகும்னு யாரும் கேட்கிறதில்லை

மான்குட்டியைக் காப்பாத்துறது நமக்கு ரொம்பப் பழைய கதை. பாகவதத்துல பரத மன்னன் கதை வரும். கர்ப்பிணி மான் ஆற்றில் தண்ணீர் குடிக்கும்போது சிங்கத்தின் கர்ஜனை கேட்டுத் தாவுகிறது. குட்டி ஆற்றில் விழுகிறது, தாய் செத்துப்போகிறது. தவத்தில் இருந்த பரதன் குட்டியை எடுத்து வளர்க்கிறார். அதன்மேல் வைத்த பாசத்தில் தவம் மறந்துபோய், சாகும்போதும் மானையே நினைத்து, அடுத்த பிறவியில் மானாகவே பிறக்கிறார். காளிதாசரின் சகுந்தலையும் ஒரு தாயில்லா மான்குட்டியை வளர்க்கிறாள். அவள் கணவன் வீட்டுக்குக் கிளம்பும்போது அது சேலையைப் பிடித்து இழுக்கிறது.

ரெண்டுமே அருமையான கதை. ஆனா ரெண்டுலயும் அளக்கப்படுறது மனுஷனோட மனசு. அந்தக் குட்டி வளர்ந்து பெரிசாகி எப்படி வாழ்ந்துச்சுங்கிறது கதைக்குத் தேவைப்படலை.

அந்தக் கேள்வியை நேரா கேட்ட ஒரு கதை எனக்குத் தெரிஞ்சு 1938ல அமெரிக்காவுல வந்த 'தி இயர்லிங்' நாவல். எழுதினவர் மார்ஜரி கின்னன் ராலிங்ஸ். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்கின புத்தகம். ஃப்ளோரிடாவில் ஒரு ஏழை விவசாயக் குடும்பம். சின்னப் பையன் ஜோடி ஒரு தாயில்லாத மான்குட்டியை எடுத்து வளர்க்கிறான். ஒரு வருஷம் எல்லாம் நல்லபடியா போகுது. அப்புறம் குட்டி வளர்ந்துடுது. குடும்பத்தோட சோத்துக்கான பயிரைத் திரும்பத் திரும்ப மேய்ஞ்சுடுது. எவ்வளவு உயரத்துக்கு வேலி கட்டினாலும் தாண்டுது. கடைசியில அந்தப் பையனே அதைச் சுட வேண்டி வருது. மான் கெட்டதும் இல்லை, குடும்பம் கெட்டதும் இல்லை. காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு உயிருக்கு ரெண்டு இடத்துலயும் இடம் இல்லாம போச்சு, அவ்வளவுதான்.

நிஜத்திலும் இதேதான். மனுஷன் கையில் வளர்ந்த ஆண் மானுக்குக் கொம்பு முளைக்கும். இணைசேரும் பருவத்தில் அது மனுஷனையும் போட்டியாளராகப் பார்த்து முட்டும். நாயைப் பார்த்து ஓடத் தெரியாது, மனுஷனைப் பார்த்து விலகத் தெரியாது. கூட்டத்தோடு சேரவும் தெரியாது. அப்புறம் அது போகிற இடம் பெரும்பாலும் ஒரு கூண்டுதான். குட்டியா இருக்கும்போது லைக் போட்ட யாரும் அப்போ இருக்க மாட்டோம். நமக்கு நாலு வருஷத்துல கான்வொகேஷன்.

சட்டம் என்ன சொல்லுது?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் அடங்கும். புள்ளிமானும் வெளிமானும் அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அப்படி ஒரு விலங்கு எப்படியோ நம் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். ஏனென்றால் சட்டப்படி அது அரசின் சொத்து. "நல்லெண்ணத்துலதான் வச்சிருந்தேன்"னு சொல்லி ரூம்ல வளர்க்க முடியாது.

2023ல உத்தரப் பிரதேசத்துல நடந்த சாரஸ் கொக்கு விவகாரம் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அடிபட்டுக் கிடந்த பறவையை ஒருத்தர் காப்பாத்தி வளர்த்தார். அது அவர் பைக் பின்னாடியே பறந்து வர்ற வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு. வனத்துறை பறவையை எடுத்துக்கிட்டு அவர் மேல வழக்கும் போட்டுச்சு. அப்போ நம்ம டைம்லைன் முழுக்க ஒரே கோபம். கோபத்துல ஒரு நியாயம் இருந்தது. அவர் அந்தப் பறவைக்குக் கெடுதல் நினைக்கலை. ஆனா அந்தப் பறவை கடைசியில போய்ச் சேர்ந்தது கான்பூர் மிருகக்காட்சி சாலையில. மனுஷனோட பழகிட்ட பறவையை வெளியே விடுறது சுலபம் இல்லை. பாசத்தோட விலையை அங்கேயும் கொடுத்தது அந்தப் பறவைதான்.

"அப்போ சாகட்டும்னு விட்டுடலாமா?"

நியாயமான கேள்வி. நிஜமாவே தாய் செத்துப்போன குட்டிகள் இருக்கு. அதுங்களைக் காப்பாத்தவும் செய்றாங்க. எப்படின்னு பார்ப்போம்.

அஸ்ஸாமின் காசிரங்காவில் மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா பொங்கி வரும். காட்டில் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கும். விலங்குகள் மேடு தேடித் தெற்கே கர்பி ஆங்லாங் மலைகளுக்குப் போகும். வழியில் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஹாக் டியர் என்ற குட்டையான மான் வகைதான் இதில் அதிகம் பலியாகிறது. 2024 வெள்ளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை செத்தன. தாயை இழந்து தண்ணீரில் தத்தளிக்கும் குட்டிகளை மீட்டு, காசிரங்கா அருகே 2002 முதல் இயங்கிவரும் வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். குட்டிகளை அவற்றின் இனத்தோடு சேர்த்து, மனுஷத் தொடர்பை முடிந்தவரை குறைத்து வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் காட்டில் விடுவதுதான் நோக்கம். கொஞ்சுறதுக்கு அங்க இடம் இல்லை. கொஞ்சினா திரும்ப விட முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

"ராஜஸ்தான் பிஷ்னோய் பெண்கள் மான்குட்டிக்குத் தாய்ப்பாலே கொடுக்கிறாங்களே"ன்னு சொல்வீங்க. உண்மைதான், தலைவணங்க வேண்டிய விஷயம். ஆனா அந்த சமூகத்துக்கு மானோட ஐந்நூறு வருஷப் பழக்கம் இருக்கு. வீட்டு வாசல்லயே மான் மேயுது. எந்தக் குட்டிக்குத் தாய் இருக்கு, எதுக்கு இல்லைன்னு அவங்களுக்குப் பார்த்தாலே தெரியும். வளர்ந்த மான் வாசலைத் தாண்டினா அதோட கூட்டம் அங்கேயே நிக்கும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஹாஸ்டல் ரூமும் மூணு பேரோட பாசமும் அதுக்கு ஈடாகாது.

தூக்காமலே காப்பாத்த முடியும்

நம்ம மாதிரி ஆட்கள் செய்யக்கூடிய ஒரு உதாரணம் ஜெர்மனியில இருக்கு. அங்கே மே, ஜூன் மாதங்களில்தான் ரோ மான் குட்டி போடும். அதே சமயத்தில்தான் புல்வெளிகளில் முதல் அறுவடை. குட்டி உயரமான புல்லுக்குள் படுத்திருக்கும். அறுவடை இயந்திரம் வரும்போது அது ஓடாது. ஆபத்து வந்தால் உறைந்து படுப்பதுதான் அதன் சுபாவம். நரியிடமிருந்து காப்பாற்றிய அதே குணம் இயந்திரத்தின் முன்னால் உயிரை வாங்கிவிடுகிறது.

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி: விடியற்காலையில், தரை குளிர்ந்திருக்கும்போது, வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனை வயலுக்கு மேல் பறக்கவிடுகிறார்கள். குளிர்ந்த புல்லுக்கு நடுவே குட்டியின் உடல்சூடு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தன்னார்வலர்கள் கையுறை போட்டு, கைநிறையப் புல்லோடு சேர்த்து, வெறுங்கை படாமல் குட்டியை எடுத்து, வயல் ஓரத்தில் நிழலில் ஒரு பெட்டிக்குள் வைக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். தாய் வந்து கூட்டிக்கொண்டு போகிறது. 2021 முதல் ஜெர்மன் மத்திய அரசு இந்த ட்ரோன்கள் வாங்க நிதி உதவியே கொடுத்தது.

இதுல எனக்குப் பிடிச்சது தொழில்நுட்பம் மட்டும் இல்லை. அந்த மொத்த ஏற்பாடும் குட்டியைத் தாய்கிட்ட இருந்து சில மணி நேரத்துக்கு மேல பிரிக்காத மாதிரி போடப்பட்டிருக்கு. காப்பாத்தினவங்க கையில கடைசியில மான்குட்டி இருக்காது. காப்பாத்தியாச்சுங்கிறதுக்கு அதுதான் அடையாளம்.

நம்ம காம்பவுண்டுக்குள்ள

இப்போ நம்ம கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுல காட்டை ஒட்டியும், காட்டுக்கு உள்ளேயும் காலேஜ்கள் நிறைய. ஐஐடி மெட்ராஸ் வளாகமே ஒரு காலத்துல கிண்டிக் காட்டோட ஒரு பகுதி. 1959ல அங்கே காலேஜ் வந்தது. மிச்சத்தில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் 1978ல் தேசியப் பூங்கா ஆனது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் அதுவும் ஒண்ணு. நம்ம காலேஜ் அவ்வளவு பிரபலம் இல்லைன்னாலும் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு இருக்கு. மான் நம்ம இடத்துக்கு வரலை. மான் இருந்த இடத்துக்கு நாம வந்திருக்கோம்.

நகரத்தை ஒட்டின மான்கள் எதனால சாகுதுன்னு வனத்துறையைக் கேட்டா முதல்ல வர்ற பதில்கள் மூணு: தெருநாய், வாகனம், பிளாஸ்டிக். செத்தது தாய் மான்னா, எங்கேயோ புதருக்குள்ள ஒரு குட்டி வராத அம்மாவுக்காகக் காத்துக்கிட்டிருக்கும். நாம போட்டோ எடுக்கிற குட்டிகள்ல அதுவும் ஒண்ணா இருக்கலாம்.

மெஸ் பின்னாடி போய்ப் பாருங்க. திறந்த தொட்டியில மிச்சச் சோறு. அதைச் சுத்தி நாய்க்கூட்டம். சோறு எவ்வளவு அதிகமோ, நாய் அவ்வளவு அதிகம். ராத்திரி அதே கூட்டம் பின்பக்கம் போகும். சாப்பாடு கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் கவர்ல சாம்பார் வாசம் இருக்கும். மான் அதை முழுங்கும், வயித்துல அடைச்சுக்கும். மெயின் கேட்டுல இருந்து பின்பக்க ஹாஸ்டலுக்குப் போற ரோட்டுல ராத்திரி பதினோரு மணிக்கு பைக் என்ன ஸ்பீடுல போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

நாய்களை அடிச்சு விரட்டணும்னு நான் சொல்லலை. அது கொடுமை, அதனால பலனும் கிடையாது. சோறு இருக்கிற இடத்துக்கு வேற நாய் வரும். உள்ளாட்சி அமைப்போட பேசிக் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடணும். அதைவிட முக்கியம், அந்தத் திறந்த தொட்டியை மூடணும். மூடி போட்ட தொட்டி, தினமும் ராத்திரிக்கு முன்னாடி கழிவை அகற்றுற வேலை, பின்பக்க ரோட்டுல வேகத்தடை, கேன்டீன்ல பார்சலுக்கு பிளாஸ்டிக் கவர் நிறுத்தம். இந்த நாலுக்கும் ட்ரோன் கூட வேண்டாம். ஒரு மனுவும், அதை விடாம கேட்கிற ஒரு மாணவர் குழுவும் போதும்.

காசிரங்காவுல வெள்ள நேரத்துல நெடுஞ்சாலைக்குள்ள நுழையற வண்டிக்கு நேரம் குறிச்ச அட்டை கொடுப்பாங்க. அடுத்த முனைக்குக் குறிச்ச நேரத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தா அபராதம். கணக்கு நம்ம ஸ்கூல்ல படிச்சதுதான்: தூரம், காலம், வேகம். நம்ம ரோபோடிக்ஸ் கிளப்புக்கு ரெண்டு சென்சார் வச்சு அதே வேலையைச் செய்ய ஒரு வார இறுதி போதாதா? சிம்போசியத்துல பரிசு வாங்கின எத்தனையோ புராஜெக்ட் அலமாரியில தூங்குது. இது ரோட்டுல நிக்கட்டுமே.

அடுத்த தடவை போட்டோ வரும்போது

குட்டியைப் பார்த்தா என்ன பண்ணணும்னு சுருக்கமா சொல்லிடறேன். இதை ஃபார்வர்ட் பண்ணுங்க.

முதல்ல, நின்ன இடத்துல இருந்து பின்னாடி வாங்க. நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் தாய் வராது. பத்து பேர் சுத்தி நின்னு பார்த்தா அன்னைக்கு முழுக்க வராது. இடத்தோட லொகேஷனை குரூப்ல போடாதீங்க.

நாய் பக்கத்துல இருந்தா நாயைத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க. குட்டியை இடம் மாத்தாதீங்க. ரோட்டு நடுவுல படுத்திருந்தா மட்டும், மெதுவா எடுத்துப் பக்கத்துலயே இருக்கிற புதர் நிழலுக்கு மாத்தி வச்சுட்டு வாங்க.

குட்டி நல்லா, அசையாம படுத்திருந்தா, அது நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேற: பக்கத்துல தாய் செத்துக் கிடக்கிறது, ரத்தம், கடிபட்ட காயம், ஈ மொய்க்கிறது, ரொம்ப நேரமா கத்திக்கிட்டே அலையறது, தலையைத் தூக்க முடியாம துவண்டு கிடக்கிறது. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா உடனே வனச்சரக அலுவலகத்துக்கு போன். அந்த நம்பர் ஒவ்வொரு ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுலயும், செக்யூரிட்டி அறையிலயும் பெரிய எழுத்துல இருக்கணும். இல்லைன்னா வார்டன்கிட்ட கேட்டு ஒட்ட வைங்க.

வனத்துறை வர்ற வரைக்கும் பால் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், வாயில தண்ணி ஊத்த வேண்டாம். கூட்டம் சேராம பாத்துக்குங்க. வேற வழியே இல்லாம கையில வச்சிருக்கணும்னா காத்துப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. அவ்வளவுதான்.

ஏற்கெனவே யாராவது தெரியாம தூக்கிட்டு வந்துட்டாங்களா? திட்டாதீங்க. "மனுஷன் கை பட்டா தாய் சேர்த்துக்காது"ங்கிற பேச்சை நம்பி ரூம்லயே வச்சுக்கவும் வேண்டாம். பெரும்பாலும் சேர்த்துக்கும், குட்டியைத் தேடிக்கிட்டேதான் இருக்கும். உடனே வனத்துறைக்குச் சொல்லி, எடுத்த அதே இடத்தைக் காட்டுங்க. எவ்வளவு சீக்கிரம் திரும்புதோ அவ்வளவு நல்லது.

தொல்காப்பியத்தின் மரபியலில் ஒவ்வொரு விலங்கின் இளமைக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. மான் இனத்தின் குட்டிக்கு மறி, கன்று என்ற பெயர்கள் வருகின்றன. அவ்வளவு நுணுக்கமா மானைப் பார்த்த ஒரு மொழியில வந்தவங்க நாம. அந்தப் பார்வையில கொஞ்சம் நமக்கும் வேணும்: பார்க்கணும், தள்ளி நின்னு பார்க்கணும், அப்புறம் கையை நீட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்.

மெஸ் கமிட்டி கூட்டம் மாசத்துக்கு ஒரு தடவை நடக்குது. வழக்கமா நாம பேசுறது சப்பாத்தி ரப்பர் மாதிரி இருக்குன்னுதான். அடுத்த கூட்டத்துல அதோட சேர்த்து, பின்பக்கத் தொட்டிக்கு மூடி எப்போ வரும்னும் கேளுங்க.